காற்புள்ளியில் தொங்கும் பழி

"அடையாள அட்டை இல்லாத இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர்." போர்க்காலத்தில் இத்தகைய வாக்கியங்களை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒருமுறை இதனை ஆங்கிலமாக்கிய இளம் உதவி ஆசிரியர், இளைஞர்கள் என்ற சொல்லையடுத்துக் காற்புள்ளி இட்டு, 'ஹூ' என்று தொடங்கி, அத்தொடரின் முடிவிலும் இன்னொரு காற்புள்ளி இட்டார். சோதனையில் நின்றவர்களுள் அட்டை இல்லாதோர் மட்டுமே கைதாகினர் என்பதே செய்தி. அவ்விரு காற்புள்ளிகளோ, நின்றவர் அனைவருமே அட்டை இல்லாதவர்கள், அனைவருமே கைதானவர்கள் என ஆக்கிவிட்டன. அச்சேறுமுன் கண்ணில் பட்டது எங்கள் நல்லகாலம்.

அவரைக் கடிந்து என்ன பயன்? தவறின் வேர் நமது மொழியமைப்பிலே இருக்கிறது. "கிழக்கே உதிக்கும் சூரியன்" என்கிறோம். "கிழக்கே பார்த்த வீடு" என்கிறோம். சூரியன் ஒன்றே, அங்கு அடைமொழி வெறும் விவரணம். வீடுகளோ பல, இங்கு அது இன்ன வீடு எனப் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரெச்சம் போதும். ஆங்கிலத்தில் முன்னதற்குக் காற்புள்ளி வேண்டும், பின்னதற்குக் கூடாது. முன்னதில் 'தட்' வருவதில்லை, 'விச்' வரும். பின்னதில் 'தட்' மட்டுமே வருதல் நலம் என ஃபவ்ளர் 1926 இல் எழுதினார். அமெரிக்கர் அதனைப் பெரிதும் பின்பற்ற, பிரித்தானியர் இன்றும் இரண்டையுமே ஆள்கின்றனர்.

இணைப்புச் சொற்களிலும் இதே கதைதான். "மழை பெய்தாலும் போனேன்" என்னும்போது நமது இணைப்பு இரு கூற்றுகளுக்கும் நடுவே நிற்கிறது. ஆங்கிலத்தின் 'ஓல்தோ' வாக்கியத்தின் தலையிலேயே அமர்ந்துவிடுவதால், நடுவிடம் வெறுமையாகத் தோன்றுகிறது போலும். அங்கே ஒரு 'பட்' டைச் செருகிவிடுகிறோம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டியதில்லை.

பிழை விடும் பிள்ளையை நகைப்பது நம்மவரிடையே பழகிப்போன நோய். பெயரெச்சத்தைத் தமிழாசிரியர் ஒரு வகுப்பில் கற்பிக்கிறார். 'ஹூ', 'விச்' என்பவற்றை ஆங்கில ஆசிரியர் மறு வகுப்பில் கற்பிக்கிறார். இரண்டும் உறவினர் என்று மாணவனுக்குச் சொல்வார் யாருமில்லை. அகதி விண்ணப்பங்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த சமூகம் நாம். யார் செய்தார், எல்லோருமா, சிலரா என்பதை ஒரு காற்புள்ளி தீர்மானிக்குமாயின், அதனைக் கற்பதை ஆங்கில மோகம் என்று தள்ளிவிட முடியுமா? தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்றவனுக்கு அது எட்டாத வித்தையுமன்று.