எவருடைய காட்டை எரிக்கிறோம்?



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து தேநீர் அருந்துகையில் உங்களுள் ஒருவர் சொன்னார்: “வெள்ளைக்காரன் தன்ர காட்டைக் காப்பாத்துறான், ஃபாதர். எங்கட சனம்தான் ஊரில எல்லாத்தையும் வெட்டி வித்துப்போட்டுது.” பலரும் தலையசைத்தீர்கள். நானும் வாளாவிருந்தேன், அது தவறு.

1919இல் பிரித்தானிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 வீதமே காடு. இன்று 13 வீதம். மகிழ்ச்சிதான். ஆயினும் அதனை 5 வீதமாகக் கரைத்தவர் யார்? இன்றும் இந்நாடு பயன்படுத்தும் மரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெளியிலிருந்தே வருகிறது.

இப்பழக்கம் புதிதன்று. ஹார்ட்டில்பூலில் ‘ட்ரிங்கோமலி’ என்னும் பழைய போர்க்கப்பல் காட்சிக்கு நிற்கிறது. பெயர் நம் திருகோணமலையினுடையது. இங்கே ஓக் மரம் அருகிப்போனதால், மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் கட்டி 1817இல் கடலில் இறக்கினார்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அப்பலகைகள் எந்தக் காட்டில் நின்றவை என்பதையும் சொல்லுங்கள்.

இன்றைய கதை இன்னும் கசப்பானது. வட யோர்க்‌ஷயரின் ட்ராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு, மரத்தூளை இறுக்கிச் செய்த வில்லைகளை எரிக்கிறது. அவற்றுள் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. புகை எழுவது இங்கே. இங்குள்ள கரியமிலக் கணக்கிலோ அது பூச்சியம். மரம் வெட்டிய நாட்டின் ஏட்டில் அது எழுதப்பட வேண்டுமாம்! இதற்கு நம் மின்கட்டணத்திலிருந்து மானியம் வேறு. கனடிய மரவகைகளைப் பற்றிப் பிழையான தரவு அளித்தமைக்காக 2024இல் அந்நிறுவனம் 25 மில்லியன் பவுண் செலுத்த இணங்கியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். (குருவானவர் வாயில் வரத்தகாத பழமொழி; பொறுத்தருள்க.)

ஊரில் காடு அழிந்ததை நான் மறுக்கவில்லை. போரில் பதுங்குகுழிகளுக்காகச் சாய்ந்த பனைகளை உங்களுள் பலர் கண்ணால் கண்டீர்கள். ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல், உலகின் வடபாதி தென்பாதிக்குப் பட்டிருக்கும் சூழலியல் கடனைப் பேசுகிறது. நாமோ கடன் கொடுத்த மண்ணில் பிறந்து, கடன்பட்ட நாட்டில் வீடு வாங்கியவர்கள். எந்தப் பக்கம் நின்று ஊரை ஏளனம் செய்கிறோம்?

இனி, புதிய பீடத்துக்கு. பர்மியத் தேக்குத்தான் வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகிறீர்கள். மியன்மாரின் அரச மர நிறுவனத்தின் மீது 2021இல் இந்நாடே தடை விதித்தது. “பழைய இருப்பு” என்று வணிகர் கூறும் சொல்லை மட்டும் நம்பி நான் கையொப்பமிட மாட்டேன். கழித்த பழைய இருக்கைகளின் ஓக் பலகைகள் களஞ்சியத்தில் கிடக்கின்றன. தச்சுவேலை தெரிந்தவர்கள் சனி காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள்.