மைதானத்துக் காற்றுக்கு வாடகை யார் கொடுப்பது?

பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தை ஒட்டிய வீட்டுக்கு விலை கூடுமா, குறையுமா? வீடு விற்பவரும் வாங்குபவரும் தரகரும் கேட்கிற கேள்வி இது. கல்கத்தாவில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இப்போது இந்தப் பேச்சு புகுந்திருக்கிறது. அதனால் எழுதுகிறோம். விலை கூடினாலும் நட்டம் நமக்கே. குறைந்தாலும் நட்டம் நமக்கே.

முதலில் கூடுகிற கணக்கு. இந்த ஊரின் புழுக்கம் நமக்குப் புதிதல்ல. கோடையில் காற்று வருவது தெற்கிலிருந்து. ஆகவே இங்கே 'தொக்கின் கோலா' என்ற சொல்லுக்கே தனி விலை உண்டு. தெற்குப் பக்கம் திறந்த வீடு என்று பொருள். எதிரே ஒரு கட்டடம் எழும்பினால் அந்தக் காற்று போயிற்று. எதிரே பள்ளி மைதானம் இருந்தால் காற்று தங்கும். புரமோட்டர் விற்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டுமா? பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு மேலே வீசும் காற்றையும் சேர்த்து விற்கிறார். அந்த மைதானத்துக்கு அவர் கொடுத்தது என்ன? ஒரு பைசாவும் இல்லை.

இந்த வித்தை பழையது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், 1920களில் நகரின் தெற்கே சதுப்பு நிலத்தை எடுத்து ஏரி வெட்டியது. சுற்றுப்புறத்தை மேடாக்கிக் குடியிருப்புக்கு விட்டது. 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் பெற்ற ஏரி அதுதான். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் தென்னாட்டவர் வந்து நிறைந்த கதையும் அந்த ஏரிப் பகுதியின் கதையே. ஆனால் அந்த டிரஸ்டின் சட்டத்தில் ஒரு நியாயமும் எழுதப்பட்டிருந்தது. பொதுத் திட்டத்தால் எவர் நிலத்துக்கு மதிப்பு கூடுகிறதோ, அவரிடம் மேம்பாட்டுக் கட்டணம் வாங்கலாம். 2017இல் டிரஸ்ட் பெருநகர வளர்ச்சி ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்த நியாயத்தை இன்று பேசுவார் யார்?

இன்று கணக்கு தலைகீழ். பொது வெளி கொடுத்த மதிப்பு வீட்டுக்காரர் பைக்குப் போகிறது. அதற்கான வட்டியை வாடகையாகக் கட்டுவது நாம். இதோடு முடிவதில்லை. 1997ஆம் ஆண்டு மேற்கு வங்க வாடகைச் சட்டப்படி, கல்கத்தா, ஹவுரா மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்புக்கு மாத வாடகை 6,500 ரூபாயைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது. மைதானத்துக் காற்று வாடகையை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளினால் போவது பணம் மட்டுமல்ல, காலூன்றி நிற்கிற உரிமையும்தான்.

இனி குறைகிற கணக்கு. பூங்காவும் வீட்டு விலையும் பற்றி அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளை 2001இல் ஜான் கிராம்ப்டன் என்பவர் தொகுத்தார். அமைதியான பூங்காவை ஒட்டிய வீட்டுக்குச் சுமார் 20 சதவீதம் வரை மதிப்பு கூடலாம் என்றார். ஆட்டமும் கூட்டமும் நிறைந்த மைதானமாயின் ஒட்டிய வீட்டுக்கு ஆதாயம் குறையும், சில வேளை நட்டமும் வரும். இரண்டு மூன்று தெரு தள்ளியிருப்பவருக்கே லாபம். ஆகவே ஒட்டி இருப்பவர் என்ன செய்கிறார்? 'சத்தம்' என்கிறார். 'ஜன்னல் உடைகிறது' என்கிறார். மாலையில் கேட்டைப் பூட்டு, வெளிப் பிள்ளைகளை விடாதே என்று மனு எழுதுகிறார்.

அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. யாருக்காக அந்த அமைதி? படிக்கிற பிள்ளைக்காக. பிள்ளைகள் இரையக் கூடாது என்பதற்காக அல்ல! இரவு 10 மணிக்கு மேல் மைதானத்தில் ஒலிபெருக்கி அலறினால் எதிர்ப்போம். அந்த நேரத்துக்குத் தடை இருக்கிறது. பந்தின் பின்னால் ஓடும் பிள்ளையின் கூவலும் ஒலிபெருக்கியும் ஒன்றா?

மூன்றாவது கணக்கு எல்லாவற்றிலும் கொடியது. சுற்றிலும் விலை ஏற ஏற, மைதானமே 'சும்மா கிடக்கிற மனை' ஆகத் தெரியத் தொடங்கும். இங்கிலாந்தில் 1980களில் பள்ளி மைதானங்கள் விற்கப்பட்டன. பிறகு 1998இல் அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நம் நாட்டிலும் கைப்பிடி இல்லாமல் இல்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் சட்டத்துக்கு வாய் வரும்.

மைதானம் நமக்கு என்ன? ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்து எழும் குடும்பத்துக்கு அதுவே முற்றம், அதுவே மொட்டைமாடி. இந்த ஊர் தெற்கத்தியானைக் கைதட்டி ஏற்றுக்கொண்ட இடமும் மைதானமே. அப்பாராவ், சாலே, அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ் ஆகிய ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு அந்த அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. காலால் பேசியவர்களிடம் எவரும் மொழி கேட்கவில்லை. இன்று நம் பிள்ளை எந்த வெளியில் ஓடிப் பழகுவான்?

உறுப்பினர்களே! நம்மில் சிலர் பாடுபட்டு ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள். மகிழ்கிறோம். மைதானத்தைப் பூட்டச் சொல்லும் மனு உங்கள் வாசலுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நேற்று வரை அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் நம் பிள்ளைகள். இன்றும் நிற்பவர்கள் உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள்.

நாம் கேட்பது மூன்று. பள்ளி மைதானத்தில் ஓர் அடியும் கட்டடத்துக்குப் போகக் கூடாது. பள்ளி விட்ட பிறகு வட்டாரப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வேண்டும். 6,500 ரூபாய் வரம்பைக் காலத்துக்கேற்ப உயர்த்தி வாடகைக் குடும்பங்களுக்குக் காப்பு தர வேண்டும். வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது முதலில் இதைக் கேளுங்கள். பதிலை வாங்கிக்கொண்டு அப்புறம் தேநீர் கொடுங்கள்.