வானுக்கு ஒரு கணக்கு, சாலைக்கு ஒரு கணக்கு

நாட்டின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள், தோழர்களே! கிழக்கே திரிபுராவின் தலைநகர் அகர்தலா, மேற்கே கொல்கத்தா. அளவுகோலை வைத்தால் இடைவெளி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் தொலைவு! விமானம் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்.

சரக்கு லாரிக்கோ கணக்கு வேறு. வடக்கே மலையேறி, அசாமிலே நுழைந்து, மேகாலயத்தின் மழைக்கும் மண்சரிவுக்கும் தப்பி, குவாஹாத்தியைத் தொட்டு, மேற்கே திரும்பி, கோழிக்கழுத்து என்று அழைக்கப்படும் சிலிகுரி இடைவழியிலே புகுந்து, பின்னர் தெற்கே இறங்கி வரவேண்டும். சுமார் 1,600 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து புறப்படும் லாரியும் ஏறக்குறைய அதே தொலைவில் கொல்கத்தாவை எட்டிவிடும்.

ஏனிந்தச் சுற்று? இடையே இமயம் நிற்கிறதா? கடல் குறுக்கிடுகிறதா? ஆறுகள் உண்டு, படகும் பாலமும் கண்டவன்தானே மனிதன்! குறுக்கே கிடப்பது ஒரு கோடு. 1947 ஜூலை 8-இல் வந்திறங்கினார் ராட்கிளிஃப் துரை. அதற்குமுன் இம்மண்ணை மிதித்தறியாதவர். ஐந்தே வாரங்களில் பஞ்சாபையும் வங்கத்தையும் கூறுபோட்டார். அகர்தலாவுக்கு அருகிலிருந்த அகௌரா ரயில் நிலையம் அயல்நாட்டுக்குப் போயிற்று. 1949 அக்டோபர் 15-இல் திரிபுரா இந்தியாவோடு இணைந்தது. அதன் தலைநகருக்கு ரயில் எப்போது வந்தது தெரியுமா? 2008-இல்! அகலப்பாதை வர 2016 ஆயிற்று.

விமானம் இருக்கிறதே என்பர் சிலர். இருக்கிறது, அது பறப்பது எந்த வழியே? வங்கதேசத்து வானத்தின் வழியே! மேலே பறப்பவரைத் தடுக்காத எல்லை, கீழே உருளும் சக்கரத்தைத் தடுக்கிறது. சீமான் நேர்கோட்டிலே செல்கிறார். சிமென்டும் உப்பும் விமானம் ஏறுவதில்லையே! சுற்றிவந்த கூலி விலையிலே ஏறுகிறது. கொடுப்பவன் அகர்தலாவின் கொத்தனாரும் கூலிக்காரனும்.

ஆகாத காரியமா இது? அன்று. 2020 ஜூலையில், கொல்கத்தாவில் கப்பலேறிய சரக்கு சட்டோகிராம் துறைமுகத்தில் இறங்கி, சாலைவழியே அகர்தலா சேர்ந்தது. 2021-இல் சப்ரூமில், ஃபெனி ஆற்றின்மேல் 1.9 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. 2023 நவம்பர் 1-இல் அகர்தலா–அகௌரா ரயில் பாதைக்கும் தொடக்க விழா! திரை தூக்குவது எவ்வளவு எளிது என்பது நாடகக்காரனாகிய எனக்குத் தெரியும். தூக்கியபின் மேடைக்கு ஆள் வரவேண்டுமே! 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. டில்லியோடு இருந்த உறவும் கசந்தது.

இரு தலைநகரங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தண்டம் கட்டவேண்டியவன் அகர்தலாக் கூலிக்காரனா? பேச்சு நடத்தி வழியைத் திறப்பது டில்லியின் கடமை. திறக்கும் வரையில் 330-க்கும் 1,600-க்கும் இடையேயுள்ள கூலி முழுவதையும் டில்லியின் கருவூலமே கட்டட்டும். கோட்டை ஏற்றுக் கையெழுத்திட்டவர்கள் திரிபுராவின் கூலிக்காரர்கள் அல்லர்.