காக்காய் வலிப்பும் சாவிக்கொத்தும்

தெருவில் ஒருவன் காக்காய் வலிப்பு வந்து விழுந்துவிட்டால் நம் ஜனங்கள் முதன் முதலில் தேடுவது சாவிக்கொத்தையேயாகும். சாவி அகப்படாவிட்டால் கரண்டி, அரிவாள், தாழ்ப்பாள் எதுவானாலும் சரி, இரும்பாயிருந்தால் போதும். அதை விழுந்தவன் கையில் திணித்து, நாலு பேர் அவன் கைகால்களை அமுக்கிப் பிடித்துக் கொள்ள, நாற்பது பேர் காற்று வராமல் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு நிமிஷத்திற்குள் வலிப்பு நின்றுவிடும். சாவி கொடுத்தவரும் அதைத் துடைத்து மடியில் சொருகிக்கொண்டு, ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போவார். இந்தக் காரியத்தைப் படிக்காதவர்கள்தான் செய்கின்றார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பட்டம் பெற்றவர்களும், பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் பாடம் சொல்லிக் கொடுக்கின்றவர்களும் கூடத்தான் செய்கின்றார்கள். போதாக்குறைக்கு நமது சினிமாக்காரர்களும் இதைப் படத்தில் காட்டி இதுவே சிகிச்சை என்று நாட்டுக்குக் கற்பித்து விட்டார்கள்.

நாம் ஒன்று கேட்கின்றோம். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமென்பது உண்மையானால், சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போகின்றவனுக்கும், கொல்லுப் பட்டறையில் சம்மட்டி ஓங்குகின்றவனுக்கும் வலிப்பு வருவானேன்? இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் விழுகின்றார்களே, அந்த இரும்புக்கு மாத்திரம் சக்தி இல்லாமற் போனதேன்?

சங்கதி இன்னதென்றால், வலிப்பு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். திருநீறு போட்டாலும், வேப்பிலை அடித்தாலும், ஓதி ஊதினாலும், ஒன்றுமே செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதே நேரத்தில் நிற்கும். கை இறுகிச் சாவியைப் பிடித்துக்கொள்ளுகின்றதே என்பார்கள். வலிப்பில் கை இறுகுவது இயற்கை. கையில் கத்தரிக்காயைக் கொடுத்தாலும்தான் பிடித்துக்கொள்ளும். தானாக நிற்கக்கூடிய ஒன்றை எதிரே நின்றவன் தான் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ளுவது நமது நாட்டில் ஒரு பெரிய தொழிலாக இருந்து வருகின்றது. கிரகணம் விட்டதற்குத் தர்ப்பணம் காரணம் என்பவனும், வலிப்பு நின்றதற்குச் சாவி காரணம் என்பவனும் ஒரே கடையில் வியாபாரம் செய்கின்றவர்கள்தான்.

இனி, இந்த நோய்தான் என்ன? மனிதனுடைய மூளை கோடிக்கணக்கான நரம்பணுக்களால் ஆனது. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுவது மிகச் சிறிய மின்சாரத் துடிப்புகளாலேயே. ஏதோ ஒரு காரணத்தால் ஒரு கூட்டம் அணுக்கள் முறை தவறி ஒரே சமயத்தில் துடிக்க ஆரம்பித்தால் அதுவே வலிப்பாகின்றது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மண்டையின் மேல் கம்பி வைத்து இந்த மின்சாரத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டி 1929 ம் வருஷத்தில் வெளியிட்டார். அந்தக் கோடுகளில் இதுவரையில் எந்தப் பேயும் எந்த முனியும் அகப்படவில்லை.

அந்த மின்சாரக் குழப்பம் மூளை முழுவதும் பரவினால் ஆள் விழுந்து கைகால் உதறி, வாயில் நுரை தள்ளும். ஆனால் எல்லா வலிப்பும் இப்படியிராது. சில குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து விநாடி விழித்தபடி நின்றுவிட்டுப் பிறகு விட்ட இடத்திலிருந்து பேசும். இதுவும் வலிப்புத்தான். பாடத்தைக் கவனிக்காத மக்குப் பையன் என்று உபாத்தியாயரிடம் அடி வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த நோய்க்காரர்களோ! இன்னும் சிலர் விழுவதில்லை. உதட்டைச் சப்புவார்கள், சட்டைப் பித்தானைத் திருகுவார்கள், எழுந்து எங்கேயோ நடப்பார்கள், கூப்பிட்டால் பதில் வராது, பிறகு கேட்டால் நினைவும் இராது. மூளையின் பக்கப் பகுதியில் வருகின்ற இந்த வலிப்பைத்தான் நம் வீடுகளில் காத்து, கருப்பு, மோகினி என்று பல பெயரிட்டு, உடுக்கை அடித்து, சவுக்கால் விளாசி, மிளகாய்ப் புகை போட்டு ஓட்டுகின்றார்கள். நோய் மூளையில், அடி முதுகில்.

இது தெய்வ சம்பந்தமான நோய் என்ற பித்தலாட்டம் நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. கிரேக்கர்களும் இதைப் புனித நோய் என்றே சொல்லி வந்தார்கள். ஆனால் ஹிப்போகிரேட்டசின் பெயரால் வழங்கிவரும் வைத்திய நூல்களில் ஒன்றை எழுதியவர், சுமார் 2400 வருஷங்களுக்கு முன்னமே, மற்ற நோய்களைவிட இதில் தெய்வத்தன்மை ஏதுமில்லை, இதற்கு இருப்பிடம் மூளைதான், தங்கள் அறியாமையை மறைக்கவே மந்திரவாதிகள் இதைத் தெய்வத்தின் தலையில் கட்டினார்கள் என்று எழுதி வைத்தார். 2400 வருஷம் போதவில்லை நமக்கு!

வலிப்புக்குக் காரணங்கள் பல. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டுதல், தலையில் அடிபடுதல், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், மூளையில் கட்டி, பரம்பரைக் கூறு என்றிப்படிப் போகும். ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் நம் நாட்டில் சாதாரணமாயுள்ள ஒரு காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. அதுதான் பன்றி நாடாப்புழு.

சரியாக வேகாத பன்றி மாமிசத்திலிருந்து ஒருவன் குடலில் இந்தப் புழு குடியேறுகின்றது. அதனால் அவனுக்கு வலிப்பு வந்துவிடுவதில்லை. அவன் மலத்தோடு அப்புழுவின் முட்டைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறுகின்றன. அவை வயலுக்குப் போய்க் காய்கறியில் ஒட்டுகின்றன, தண்ணீரில் கலக்கின்றன, அல்லது வெளிக்குப் போய்விட்டு சோப்புப் போட்டுக் கழுவாத கையிலிருந்து நேரே சோற்றுக்கு வருகின்றன. அந்த முட்டையை விழுங்குகின்றவனுக்குத்தான் ஆபத்து. அது பொரித்து, இரத்தத்தின் வழியே மூளைக்குப் போய் அங்கே சிறு பையாகத் தங்கி, பின்பு ஒருநாள் வலிப்பை உண்டாக்குகின்றது. ஆகவே பன்றி மாமிசத்தைக் கண்ணாலும் பாராத சுத்த சைவர்களுக்கும் பன்றிப் புழு மூளையில் இருக்கக்கூடும், இருந்தும் வருகின்றது. மடி, ஆசாரம், தீட்டு, எச்சில் என்று ஓயாமல் பேசுகின்ற வீட்டின் சமையல்காரன் கையில் சோப்பு இல்லையென்றால் அந்த மடி ஒரு முட்டையையாவது தடுக்குமா? முட்டைக்கு ஜாதியும் தெரியாது, மடியும் தெரியாது. கக்கூசும், சோப்பும், நன்றாய்க் கழுவிய காய்கறியும்தான் அதற்குத் தெரியும். இதை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்கலாம், மருந்தும் இருக்கின்றது. ஆனால் புழு மருந்துதானே என்று கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. மூளையில் பை உடையும்போது வீக்கம் கண்டு கேடு அதிகமாகக் கூடுமாதலால் டாக்டர் மேற்பார்வையில்தான் அதைச் சாப்பிட வேண்டும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். 1857 ல் புரோமைடு என்னும் உப்பு வலிப்பைக் குறைப்பதாகத் தெரிய வந்தது. 1912 ல் ஹாப்ட்மன் என்ற ஜெர்மன் டாக்டர், தூக்கத்திற்காக வந்த பினோபார்பிட்டோன் வலிப்பையும் தடுப்பதைக் கண்டார். 1938 ல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இருவர் பெனிட்டாயின் வலிப்பைத் தடுப்பதைக் கண்டறிந்தார்கள். அதன் பின் வந்தவை பல. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கின்றதென்றும், சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 100 க்கு 70 பேர் வரையில் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்கு மாத்திரை காசில்லாமல் கொடுக்கின்றார்கள்.

அப்படியிருந்தும் மாத்திரைக்கு மதிப்பில்லாதது ஏன்? இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கின்றது. சாவி செய்வதாகச் சொல்லப்படும் காரியம் கண்ணெதிரே நடக்கின்றது: வலிப்பு வந்தது, சாவி கொடுத்தோம், நின்றது. மாத்திரையின் காரியமோ கண்ணுக்குத் தெரியாது. அது வராமற் செய்கின்றது. வராத வலிப்பை யார் பார்த்தார்கள்? இரண்டு வருஷம் வலிப்பு வராமலிருந்தால், "அதுதான் குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகின்றார்கள். அந்தச் சமயம் பார்த்து எந்தக் கோவிலுக்காவது நேர்த்திக்கடன் செலுத்தியிருந்தால் பெருமையும் அங்கேயே போய்விடுகின்றது.

நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதை இது. பதினாலு வயதில் வலிப்பு கண்டு, மாத்திரை சாப்பிட்டு, ஐந்து வருஷம் ஒரு தடவை கூட வராமல் சுகமாயிருந்தாள். கல்யாணம் வந்தது. பெற்றோர் மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தை மறைத்தார்கள். மறைத்ததோடு நில்லாமல், மாத்திரை அட்டையைக் கண்டால் கேட்பார்களே என்று பயந்து, "ஐந்து வருஷமாய் வரவில்லையே, இனி அம்மன் பார்த்துக்கொள்ளுவாள்" என்று சொல்லி மாத்திரை இல்லாமலே பெண்ணை அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் காலையில் அடுப்பங்கரையில் வலிப்பு வந்து எரிகின்ற அடுப்பின் மேலேயே விழுந்தாள். வலது கை முழங்கை வரையில் வெந்து போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் செய்தது என்ன? வெந்த கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். பிறகு பேய் என்றார்கள். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மன் எதையும் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பெற்றோரை நாம் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? ஜாதகம் எட்டுப் பொருத்தமா, பத்துப் பொருத்தமா என்று பார்க்கின்றவன் ஒரு மாத்திரையைக் கண்டு ஓடுகின்றான். சட்டமே வெகுகாலம் இந்தப் பைத்தியக்காரத்தனத்திற்கு உடந்தையாயிருந்தது. இந்து விவாகச் சட்டத்தில் வலிப்பு நோய் கல்யாணத்திற்கு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்து, 1999 ம் வருஷத்தில்தான் அந்த வார்த்தை நீக்கப்பட்டது. வலிப்புள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். சில மாத்திரைகள், முக்கியமாய் வால்ப்ரோயேட், கர்ப்பத்திலுள்ள குழந்தைக்குக் கெடுதி செய்யக்கூடியவையாதலால், கர்ப்பத்திற்கு முன்னமேயே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தாங்களாகவே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரக்கூடும். நிறுத்துவதாயிருந்தாலும், குறைந்தது இரண்டு வருஷமாவது வலிப்பே வராமலிருந்த பிறகு, டாக்டர் சொல்லுகின்றபடி கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எதிரில் ஒருவர் விழுந்தால் செய்ய வேண்டியது சொற்பம். நெருப்பு, தண்ணீர், கல், கூரான சாமான் இவைகளை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கழுத்துப் பித்தானைத் தளர்த்தி, உதறல் அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எச்சில் வெளியே வடியும், மூச்சு அடைக்காது. கைகாலை அமுக்கக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொள்ளுவாரென்று வாயில் கரண்டியைத் திணித்துப் பல்லை உடைக்கக் கூடாது. நாக்குப் புண் நாலு நாளில் ஆறிவிடும், பல் முளைக்காது. நல்ல நினைவு வரும் வரையில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. மணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 5 நிமிஷத்திற்கு மேல் நீடித்தாலும், ஒன்று நின்று நினைவு திரும்பு முன் அடுத்தது வந்தாலும், அதுவே முதல் வலிப்பானாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும் உடனே 108 க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாவிக்கொத்து வைத்திருப்பவர் யாராவது கூட்டத்திலிருந்தால், அவர் அதைக் கொண்டு தம் வண்டியைத் திறந்து அவரை ஏற்றிக்கொண்டு போகலாம்.