பெருநாளைக்கு முன் ஹெல்மட்டைச் சோதித்துப் பார்ப்போம்



பெற்றோரே, எங்களிடம் படித்த, படிக்கின்ற தம்பிமாரே,

பெருநாள் நெருங்குகிறது. உடுப்பு எடுக்கும் வேலையோடு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ட்ரெயில் பைக்குகளைக் கழுவிப் பூட்டி, கட்டை கட்டையான டயர் போட்டு, முன்னால் நீண்ட கூரை வைத்த மோட்டோகுரொஸ் ஹெல்மட், கொகிள்ஸ், நெஞ்சுக் கவசம், கலர் ஜேர்சி என்று தம்பிமார் தயாராகிறார்கள். பெருநாளன்று கடற்கரை வீதியில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் நாங்கள் ஏசுவோம், பிள்ளைகள் தலையைக் குனிந்து கேட்பார்கள், அடுத்த நாள் அதே வேகம்தான். அதனால் இம்முறை ஏசவில்லை. கடந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, பைக் ஓடும் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாடசாலை மைதானத்துக்கு வரச் சொன்னோம். பதினொரு பேர் வந்தார்கள். நாங்கள் மூன்று ஆசிரியர்கள். ஒரு அளவு நாடா, ஒரு டோர்ச், ஒரு கொப்பி. அவ்வளவுதான் எங்கள் ஆய்வுகூடம்.

முதலில் ஹெல்மட்டின் லேபலைப் பார்த்தோம். எங்கள் நாட்டு எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா? வெளிநாட்டு ஹெல்மட் என்றால், தாடைப் பட்டியில் தைத்த துணி லேபலில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒரு நாட்டு இலக்கமும், அதனோடு 05 அல்லது 06 என்று தொடங்கும் அனுமதி இலக்கமும் இருக்கிறதா? இது ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. 22 தரம். ஆய்வுகூடத்தில் அடித்துச் சோதித்த பிறகே அந்த இலக்கம் கிடைக்கும். சிலரின் ஹெல்மட்டில் பின்பக்கம் 'டொட்' என்ற ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்தது. அமெரிக்காவின் அந்தத் தரத்தில் உற்பத்தியாளர் தானே சான்று சொல்லிக்கொள்கிறார். அரசாங்கம் பிறகு சந்தையில் சிலவற்றை வாங்கிச் சோதிக்கும். அந்த ஸ்டிக்கரை மட்டும் போலியாக அடித்து ஒட்டுவது யாருக்கும் பெரிய வேலை இல்லை. இரண்டு ஹெல்மட்டுகளின் உள்துணியைக் கழற்றியபோது, தலையைக் காக்க வேண்டிய தடித்த ரெஜிபோம் இல்லை. மெல்லிய ஸ்பொஞ்ச்தான் இருந்தது.

அந்த ரெஜிபோம்தான் ஹெல்மட்டின் உயிர். அடி விழும்போது அது நசுங்குகிறது. நசுங்கும்போது அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மட், வெளியே பளபளவென்று இருந்தாலும், முடிந்த ஹெல்மட். யாரோ பாவித்ததை மலிவுக்கு வாங்கும் தம்பிமார் இதை யோசிக்க வேண்டும். அது ஏற்கனவே யாருடைய தலைக்காக அடி வாங்கியது என்பது உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பொருத்தம். ஹெல்மட்டைப் போட்டு, பட்டியைப் பூட்டி, பின்னால் நின்று அதன் கீழ் விளிம்பைப் பிடித்து மேலேயும் முன்னேயும் தள்ளினோம். பதினொன்றில் ஆறு கழன்று கையோடு வந்தது. கை தள்ளியே கழன்று வருவது, தார் வீதியில் உருளும்போது தலையில் நிற்குமா? காரணம், பலர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறார்கள். நெற்றியைச் சுற்றி நாடாவால் அளந்து, கன்னம் இரண்டும் இறுகப் பிடிக்கும் அளவில் வாங்க வேண்டும். புதிதில் இறுக்கமாக இருப்பதுதான் சரி.

பட்டியைப் பூட்டும் விதமும் பலருக்குத் தெரியவில்லை. மோட்டோகுரொஸ் ஹெல்மட்டில் அநேகமாக இரண்டு வளையங்கள் இருக்கும். பட்டியை இரண்டுக்குள்ளும் விட்டு, திருப்பி ஒரு வளையத்துக்குள் மட்டும் எடுத்து இழுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் தெரியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர்தான் எங்களுக்குச் செய்து காட்டினார்.

பிறகு நெஞ்சுக் கவசம். "இது இருந்தா விழுந்தாலும் ஒண்டும் ஆகா சேர்" என்றார் ஒரு தம்பி. திருப்பிப் பார்த்தோம். மோட்டோகுரொஸ் பந்தயத்தில் முன்னால் போகும் பைக்கின் பின்சில்லு கல்லையும் மண்ணையும் வாரி அடிக்கும். அதைத் தடுக்கச் செய்த பிளாஸ்டிக் தகடு அது. விழுவதற்கென்று செய்ததல்ல. விழுந்தால் காக்கும் கவசத்தில் ஈ.என். 1621 என்ற தரமும், அது முதலாம் நிலையா இரண்டாம் நிலையா என்பதும் எழுதியிருக்கும். முதுகுக் கவசத்தை 50 ஜூல் சக்தியோடு அடித்துச் சோதிப்பார்கள். விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான்: 5 கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விடுவது போன்றது. மறுபக்கம் வரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் முதலாம் நிலை, 9 ஐத் தாண்டாவிட்டால் இரண்டாம் நிலை. வந்த கவசங்கள் ஒன்றிலும் அந்த எழுத்து இல்லை.

ஜேர்சியும் அப்படித்தான். அது மண்ணில் விழுபவருக்கும் வியர்வை காய்வதற்கும் தைத்த மெல்லிய துணி. தாரில் இழுபட்டால் துணிக்குப் பிறகு தோல்தான். கூரை வைத்த ஹெல்மட்டும் சேற்றையும் வெயிலையும் தடுக்கத்தான். பெரிய வீதியில் வேகம் கூடினால் காற்று அதைப் பிடித்துத் தலையை மேலே இழுக்கும். கொகிள்ஸ் கறுப்பு நிறம் என்றால் மஃரிபுக்குப் பிறகு குருடு. கட்டை டயர் மண்ணைக் கவ்வும், ஆனால் தார் வீதியில் அந்தக் கட்டைகளின் நுனி மட்டுமே படும். மழை ஈரத்தில் பிரேக் அடித்தால் தெரியும். கைக்கவசம் பூட்டிய மூன்று பைக்குகளில் ஒன்றில், ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் கவசம் பிரேக் பிடியில் முட்டியது. காக்கப் பூட்டிய சாமானே ஆளைக் கொல்லும் நிலை.

இதையெல்லாம் சொல்வதால் நாங்கள் மோட்டோகுரொஸுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அது நல்ல விளையாட்டு. தியத்தலாவை பொக்ஸ்ஹில், அநுராதபுரம் கஜபா போட்டிகளை நாமும் விரும்பிப் பார்த்திருக்கிறோம். அங்கே மண் பாதை உண்டு, அம்பியூலன்ஸ் உண்டு. அப்படி இருந்தும், 2024 ஏப்ரல் 21 இல் பொக்ஸ்ஹில்லில் பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது மோதி ஏழு பேர் உயிரிழந்தார்கள். இராணுவத்தின் இடத்தில், ஏற்பாட்டோடு நடந்த போட்டியிலேயே இந்த நிலை என்றால், பெருநாளன்று நம் கடற்கரை வளைவில் ஐஸ்கிறீம் கையோடு நிற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

இனிச் சொல்வதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தோம். இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் மூன்றாம் நாள், எங்களிடம் படித்த ஒரு தம்பியை அடக்கம் செய்தோம். அவரிடம் நல்ல ஹெல்மட் இருந்தது. பட்டி பூட்டவில்லை. ஹெல்மட் ஒரு கீறலும் இல்லாமல் வேலியோரம் கிடந்தது. இந்தச் சோதனையைப் பற்றி அவருடைய வாப்பாவிடம் சொன்னபோது, "என்ட மகனச் சொல்லியே பிள்ளையளுக்குச் சொல்லுங்க சேர்" என்றார். அந்த வாப்பாவின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். அவருக்காக துஆச் செய்யுங்கள்.

சோதனை முடிந்து கிளம்பும் நேரம், ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்: "சேர், உங்கடயையும் பாப்பமா?" மறுக்க முடியவில்லை. எங்கள் மூன்று ஹெல்மட்டுகளில் இரண்டு கழன்று வந்தது. ஒன்றின் பட்டியில் கொளுவியே இல்லை. எத்தனை மாதம் அப்படி ஓடினோமோ தெரியாது. பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தப் பதிவு. தம்பிமார் போலிக் கவசம் போட்டுப் பெருமையடிக்கிறார்கள் என்று நாம் ஏசுகிறோம். நாம் என்ன செய்கிறோம்? பொலிஸ் நிற்கும் சந்தி வரும்வரை ஹெல்மட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறோம். பள்ளிக்குத்தானே என்று தொப்பியோடு போகிறோம். டேங்கின் மேல் பிள்ளையை வெறுந்தலையோடு இருத்துகிறோம். ஸ்கூட்டியில் போகும் சகோதரிகள் உயர்ந்த கொண்டைக்கு மேல் ஹெல்மட்டை வைக்கிறார்கள். அது தலையில் இறங்குவதே இல்லை. பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான், ஹெல்மட் என்பது காட்டுவதற்கு என்று படித்தார்கள்.

விதி வந்தால் என்ன செய்வது என்று சிலர் சொல்வார்கள். ஒட்டகத்தைக் கட்டுவதா, தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு நபியவர்கள் (ஸல்) சொன்ன பதில் குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மக்கா வெற்றியின்போது நபியவர்கள் தலையில் இரும்புக் கவசத்தோடுதான் நுழைந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அவர்களைவிடத் தவக்குல் கூடியவர் நம்மில் யார்?

ஆகவே எங்கள் கருத்து இதுதான். ஜேர்சி, கொகிள்ஸ், ஸ்டிக்கர் எல்லாம் பிறகு. இருக்கும் காசுக்கு முதலில் தரமான, அளவான ஒரு ஹெல்மட். பின்னால் யாரையாவது ஏற்றுவீர்கள் என்றால் இரண்டு. பெற்றோரே, பைக் வாங்கிக் கொடுத்த கை அந்தப் பட்டியையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டும். பள்ளி நிர்வாகத்தினரிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் இரண்டு விடயங்களைக் கேட்கிறோம். பெருநாளைக்கு முந்திய ஜும்ஆவுக்குப் பிறகு, சிறியோர் பெரியோர் எல்லோருக்கும் இப்படி ஒரு சோதனை வையுங்கள். ஊருக்கு வெளியே, பார்ப்பவர்கள் தூர நிற்கக்கூடிய ஒரு மண் தரையைத் தம்பிமாருக்கு ஒழுங்கு செய்து கொடுங்கள். இடமும் கொடுக்காமல் வீதியில் ஓடாதே என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

எங்கள் இரண்டு ஹெல்மட்டுகளையும் மாற்றிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். இன்று மாலை நீங்கள் உங்களுடையதைப் போட்டு, பட்டியைப் பூட்டி, வீட்டில் ஒருவரைப் பின்னால் நின்று தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். வீட்டு முற்றத்தில் கழன்றதற்காக அல்லாஹ்வைப் புகழுங்கள்.

இந்தப் பெருநாளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.