மோட்டாரில் சங்கீதம்

புது மோட்டார் வண்டி வாங்கிய கனவான்களில் பலர், முதல் மாதத்திலேயே, "வண்டியோடு வந்த ஸ்பீக்கர் உதவாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பணத்துடன் கடைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். சற்றுப் பொறுக்கும்படி நாம் அவர்களை வேண்டிக் கொள்கிறோம். 'ஈக்வலைஸர்' என்னும் அங்கத்தை ஒரு தரமாவது நிதானமாகத் திருத்திப் பார்த்ததுண்டா?

பெரும்பாலோர் செய்வதெல்லாம் பாஸ், டிரெபிள் இரண்டையும் உச்சிக்கு ஏற்றி வைப்பதுதான். ஒலியை 3 டெசிபெல் உயர்த்தினால் ஆம்ப்ளிபையர் இரட்டிப்புச் சக்தி கொடுத்தாக வேண்டும். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு! வண்டியோடு வரும் சின்னஞ்சிறு ஆம்ப்ளிபையர் பாவம், எங்கே போகும்? ஒலி அலைகளின் தலை வெட்டுண்டு, மிருதங்கத்தின் தொப்பி தகர டப்பாவாகிறது. பாடகியின் சாஹித்யமோ அதனடியில் புதைந்தே போகிறது. இதற்கா சங்கீதம் கேட்பது?

ஆகையால் எல்லாவற்றையும் முதலில் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். நன்கு பழகிய பாட்டொன்றை, வண்டி நிற்கும்போது கேளுங்கள். குறைவானதை ஏற்றுவதைக் காட்டிலும் மிகுதியானதை இறக்குவதே உத்தமம். கதவு அதிர்ந்தால் பாஸை இரண்டு படி இறக்குங்கள். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றினால் 250 ஹெர்ட்ஸ் அருகிலும், ஸகாரம் காதைக் குத்தினால் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் சிறிது குறைக்கலாம்.

ஓடும் வண்டியில் சக்கரத்தின் இரைச்சல் கீழ் ஸ்தாயியை விழுங்கிவிடும். அப்போது பாஸை ஒரு படி ஏற்றிக் கொள்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பின் ஆசனத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தால் அவரை ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இருப்பது அவர் காலடியில்.