இறங்கப் பழகிய பின் ஏறட்டும்!



லோஹேகாவில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர்களுக்குக் கடிகார மணி தேவையில்லை. விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பும் சுகோய் விமானங்களின் முழக்கமே எழுப்பிவிடும். அந்த முழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம், இங்கு வந்த பின் நான் கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், இத்தளத்தின் சுகோய்-30 விமானம் ஒன்று புனேயை அடுத்த தேவூர்ப் பக்கம் வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. ஆனால் அதிலிருந்த விமானிகள் இருவரும் பாராசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார்கள்.

அந்தப் பாராசூட்டை முன்கூட்டியே பிரித்துப் பார்த்து, மடித்து வைத்து, ஏட்டில் கையெழுத்திட்ட ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் இருவர் உயிரில் அவருக்கும் பங்குண்டு. வானத்திலிருந்து இறங்குபவனுக்கு இத்தனை ஏற்பாடு இருக்கிறது. நம் நாட்டில் கோபுர உச்சியில் நின்று வேலை செய்கிறானே தொழிலாளி, அவனுக்கு என்ன ஏற்பாடு? இதைத்தான் இக்கட்டுரையில் கேட்க விரும்புகிறேன்.

என் ஊர் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்றுக்குப் பேர்போன ஊர். 1986-இல் தூத்துக்குடியருகே தொடங்கிய காற்றாலைத் தொழில், பின்னர் எங்கள் முப்பந்தலில் காடாக வளர்ந்தது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, அந்தக் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறார். உச்சியிலுள்ள இயந்திர அறைக்கு ஏணியே வழி. அந்த அறையில் எண்ணெய் உண்டு, மின்சாரம் உண்டு. ஆகவே தீயும் உண்டாகலாம். ஏணிப் பக்கம் தீப்பிடித்தால் என் செய்வது?

இது வெறுங்கற்பனை அன்று. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், நெதர்லாந்து நாட்டின் ஊல்ட்கென்ஸ்பிளாட் என்னுமிடத்தில், காற்றாலையின் உச்சியில் தீப்பற்றி இரு மெக்கானிக்குகள் மாண்டனர். ஒருவனுக்கு வயது 19, மற்றவனுக்கு 21. இருவரும் நம்மினும் இளையவர்கள்!

இத்தகைய வேளைக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. உடலில் கட்டிய ஹார்னஸில் அதன் கயிற்றுக் கொக்கியை மாட்டி, வெளியே இறங்கிவிட வேண்டியதுதான். உள்ளேயிருக்கும் பிரேக் தானாகவே வேகத்தை அடக்கும். 80 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவன், காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையில் மோதுவான். இக்கருவியில் இறங்குபவனோ வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் நிதானமாகத் தரையில் கால் வைப்பான். ஒரு முனை கீழே வரும்போது மறுமுனை மேலே போய் அடுத்தவனுக்குத் தயாராக நிற்கும்.

பௌதிகம் படிப்பவன் இங்கே ஒரு கணக்கைப் போடாமல் இருக்க முடியாது. கருவிகளோடு 100 கிலோ எடையுள்ள ஒருவன் 80 மீட்டர் இறங்கினால், 78,000 ஜூலுக்குமேல் ஆற்றல் அந்தச் சிறு பிரேக்கில் வெப்பமாக மாறும். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது! ஐரோப்பியர் வகுத்த 341-ஆம் எண் தரவிதி, இவ்வாற்றலைக் கொண்டே இக்கருவிகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு 75 லட்சம் ஜூல் தாங்க வேண்டும். மூன்றாம் வகுப்பு 5 லட்சம். நான்காம் வகுப்போ ஒரே ஒரு முறை இறங்குவதற்கு மட்டுமே. ஆகவே, மூன்றாம் வகுப்புக் கருவியில் தொடர்ச்சியாக ஆறு பேரே இறங்கலாம்.

சென்ற கோடை விடுமுறையில் அண்ணனின் பயிற்சியை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். 20 பேர், ஒரே கருவி. பகலுணவுக்குள் ஆறு பேர் இறங்கினார்கள். அத்துடன் பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். கருவி ஆற வேண்டும், பார்க்க வேண்டும் என்றார். அவர் செய்தது சரியே. ஆனால் மறுநாள் என்று ஒன்று வரவில்லை. மீதி 14 பேரும் பார்த்ததோடு சரி; பதிவேட்டில் கையெழுத்திட்டு வீடு திரும்பினார்கள். அவர்களில் என் அண்ணனும் ஒருவர். “நீ இறங்கவே இல்லையே, அண்ணே?” என்றேன். “சமயம் வந்தா இறங்கிக்கிட வேண்டியதுதாம்லே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தனை பேரையும் இறக்கினால் கருவி தேய்ந்து போகும், செலவாகும் என்பார் சிலர். தேயட்டுமே! தேய்வதற்கென்றே பயிற்சிக் கருவி தனியாக இருக்கட்டும். உச்சியில் முத்திரையிட்டு வைத்திருக்கும் மீட்புக் கருவியைப் பயிற்சிக்குக் கழற்றக் கூடாது. பயிற்சிக்கு உழைத்த கருவியைச் சோதிக்காமல் உச்சியில் வைக்கவும் கூடாது.

பயிற்சிக் கருவியை மறுமுறைக்கு ஆயத்தம் செய்வது கடையாள் வேலை என்று எண்ண வேண்டாம். முழுக் கயிற்றையும் கையில் உருவி, வெட்டு, கருகல், விறைப்பு உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். கொக்கிகளின் பூட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆறிய பின் கயிற்றைக் கையால் இழுத்து, அதன் எதிர்ப்பு ஒரே சீராக இருக்கிறதா என்று உணர வேண்டும். முறுக்கின்றிக் கயிற்றைப் பையில் இட்டு, எத்தனை பேர், எத்தனை மீட்டர், எத்தனை எடை என்று ஏட்டில் குறிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் ஒதுக்கிவிட வேண்டும். இவ்வேலையையும் பயிற்சி பெறுபவனே தன் கையால் செய்யட்டும். தான் தடவிப் பார்த்த கயிற்றைத்தான் மனிதன் நம்புவான். புகை சூழ்ந்த இருட்டில் அவன் விரல்களும் அதைத்தான் அடையாளம் காணும்.

என் தாத்தா பனையேறி. நாள்தோறும் தளைநாரைத் தாமே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டுவார். பாட்டி எடுத்துக் கொடுத்தாலும் மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அவர் எந்தத் தரவிதியையும் படித்தவரல்லர்.

தோழர்களே! இம்மன்றத்தில் கூடும் நம்மில் பலர் நாளை பொறியாளர்களாகவும் அதிகாரிகளாகவும் அமரப் போகிறோம். “பயிற்சி பெற்றார்” என்ற பதிவேடு நம் மேசைக்கும் வரும். அன்று பேனாவைத் திறக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இவர் இறங்கினாரா, பார்த்தாரா?” பார்த்தவர் என்றால் கையெழுத்திடாதீர்கள். இன்னொரு கருவி வாங்கச் சொல்லுங்கள்; இன்னொரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். அண்ணனுக்கும் இதையே எழுதியிருக்கிறேன்: இறங்கிப் பழகும் வரை ஏறாதே என்று. பதில் இன்னும் வரவில்லை.